வடிநீரையும் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்பன் இரட்டைப் பிணைப்புகளை வெட்டி, துண்டுகளை மாற்றி ஒட்டுவது மெட்டாதெசிஸ் வினை. அதற்கான ருத்தேனியம் உலோக வினையூக்கியை நுண்துளைச் சிலிக்காவில் பொருத்திவிட்டால், வடிகட்டி எடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்று உங்கள் அறிவியல் பக்கம் எழுதியிருந்தது. மருந்துத் தொழிற்சாலையில் உலைகளோடு காலம் கழித்தவன் நான். அந்த 'மீண்டும் மீண்டும்' என்ற இடம் உறுத்துகிறது.

ஐந்து சுற்றுகள் ஓடியும் விளைச்சல் குறையவில்லை என்பதைச் சான்றாகக் காட்டுகிறார் கட்டுரையாளர். தேவைக்கு மேல் வினையூக்கியைக் கொட்டி, நேரத்தையும் தாராளமாகக் கொடுத்தால் பாதி செத்த வினையூக்கியும் வேலையை முடித்துவிடும். முதல் சில நிமிடங்களில் வினை எவ்வளவு வேகமாக ஓடியது என்பதைச் சுற்றுக்குச் சுற்று காட்டட்டும், பிறகு பேசலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. வினை பாதி ஓடும்போதே சூட்டோடு வடிகட்டி, சிலிக்கா இல்லாத வடிநீரை அதே வெப்பத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் வினை தொடர்ந்தால், வேலை செய்வது கழன்று கரைந்த ருத்தேனியம்தான். தொடராவிட்டாலும் நிம்மதி இல்லை. செயலற்ற உலோகமும் கரைந்து வரும், விளைபொருளைப் பழுப்பாக்கும். அதை அளந்துதான் சொல்ல முடியும். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெபடைட்டிஸ் சி மருந்தான சிமெப்ரெவிரின் மூலக்கூறில் இருக்கும் பெரிய வளையத்தை மூடியது இந்த மெட்டாதெசிஸ் வினைதான். வாய்வழி மருந்தில் ருத்தேனியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது பன்னாட்டு வழிகாட்டி. உற்பத்திக்காரனின் தூக்கம் கெடுவது அங்கேதான். வினையூக்கி எத்தனை முறை திரும்பி வந்தது என்பது அடுத்த கவலை.

வினையூக்கியின் எந்தப் பகுதியைச் சிலிக்காவோடு கட்டினார்கள் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. வினை தொடங்கியதும் உலோகத்தை விட்டுப் பிரிந்துபோகிற பென்சிலிடீன் என்ற கார்பன் தொகுதியின் பக்கமாகக் கட்டினால், முதல் சுழற்சியிலேயே உலோகம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கரைசலுக்குள் இறங்கிவிடும். திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை, எல்லாம் வருவதில்லை. உலோகத்தை விடாமல் பற்றியிருக்கும் கார்பீன் என்ற ஈணைவியின் (உலோகத்தோடு பிணைந்திருக்கும் துணை மூலக்கூறின்) வழியாகக் கட்டுவது கடினம், செலவும் கூடும். ஆனால் பலன் உண்டு. கரைசலில் இரண்டு ருத்தேனியம் மூலக்கூறுகள் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதுண்டு. துளைச் சுவரில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தால் அந்தச் சந்திப்பு குறையும். இவ்வளவு நல்ல செய்தியைக் கட்டுரையாளர் எப்படி விட்டார்?

சிலிக்காவின் மேல் மெட்டாதெசிஸ் நடத்துவது புதுமை என்பதும் சரியல்ல. பிலிப்ஸ் பெட்ரோலியத்தின் முறையில் கனடாவில் 1966 முதல் 1972 வரை ஓர் ஆலை புரொப்பிலீனை எத்திலீனாகவும் பியூட்டீனாகவும் மாற்றியது. அங்கே சிலிக்காவில் இருந்தது டங்ஸ்டன் ஆக்சைடு. அதில் கரி படிந்தால் காற்று செலுத்தி எரித்துவிட்டு மறுபடியும் ஓட்டலாம். ஈணைவிகளைச் சுமக்கும் ருத்தேனியத்தை அப்படி எரித்தால் ஈணைவிகளும் சேர்ந்து போய்விடும்.

அடுத்த முறை இந்த ஆய்வைப் பற்றி எழுதினால், விளைச்சல் அட்டவணைக்குப் பக்கத்தில் வடிநீரின் ருத்தேனியம் அளவையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்.

ஓய்வுபெற்ற உற்பத்தி வேதியியலாளர்,
ஓசூர்