இரண்டாம் பருவச் செய்திகளும், நடிகர் தேர்வுக்குச் சென்றுவரும் நம் பிள்ளைகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. மதிப்பெண் அட்டைகள் வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம் தரப்படும். நம் கபடி அணி மண்டலப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. திருக்குறள் ஒப்புவித்தல், ஓவியம், கட்டுரைப் போட்டிகளில் பலர் பரிசு வாங்கியிருக்கிறார்கள். அனைவருக்கும் பாராட்டுகள். பத்தாம் வகுப்புக்கான மாலை நேர வகுப்புகள் பொங்கல் விடுமுறைக்குப் பிறகும் தொடரும்.

இந்தப் பருவத்தில் வகுப்பாசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவந்த ஒரு விஷயத்தைப் பற்றி இனி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

நம் பள்ளி வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் நடுவே இருக்கிறது. 1948-இல் ஏவி.எம். நிறுவனம் காரைக்குடியிலிருந்து இந்தப் பக்கம் வந்த காலத்திலிருந்தே இங்குள்ள குடும்பங்களுக்கும் சினிமாவுக்கும் உறவு உண்டு. உங்களில் பலர் ஒளியமைப்பு, ஒப்பனை, தையல், படத்தொகுப்பு, டப்பிங் என்று இத்துறையில் உழைப்பவர்கள். ஆகவே நம் பிள்ளைகள் படத்துக்கும் தொடருக்கும் விளம்பரத்துக்கும் ஆடிஷன் போவதில் எனக்கு வியப்பில்லை. எதிர்ப்பும் இல்லை. நடிப்பு ஒரு நல்ல கலை.

நவம்பரில், ஒரு படத்துக்கு எட்டு முதல் பத்து வயதுக்குள் பிள்ளைகள் தேவை என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளிலிருந்து நிறையப் பேர் போனார்கள். ஒரு குழந்தை தேர்வானது. மற்றவர்களுக்குப் பதிலே வரவில்லை. அதற்குப் பிந்தைய வாரங்களில் நடந்தவற்றைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளை தினமும் உணவு இடைவேளையில் அலுவலகத்துக்கு வந்து, "அம்மா போன் செய்தார்களா?" என்று கேட்டது. நன்றாக வாசிக்கக்கூடிய ஒரு பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க மறுத்துவிட்டது. இன்னொன்று சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறது. பல்வரிசை சரியில்லாததால்தான் வாய்ப்புப் போனது என்று வீட்டில் யாரோ சொன்னார்களாம். தேர்வான குழந்தையோ கேலிக்கு அஞ்சிச் சில நாட்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது. கிடைக்காதவர்கள் மட்டும் வருந்தினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

துணை இயக்குநராகப் பணிபுரியும் ஒரு தந்தையை அழைத்து ஐந்தாம் வகுப்பினரோடு பேசச் சொன்னோம். அவர் சொன்னவற்றில் பல எனக்கே புதியவை. பெரும்பாலும் அப்பா, அம்மாவாக நடிப்பவர்கள் முதலில் முடிவாகிவிடுகிறார்கள். அவர்கள் முகச்சாயலுக்குப் பொருந்தும் குழந்தையைத் தேடுகிறார்கள். அண்ணன் தங்கை என்றால் இரண்டு பேரின் உயரமும் ஒத்துவர வேண்டும். படப்பிடிப்பு பல மாதங்கள் நீளும்போது பால்பல் விழுந்தால் ஒரு காட்சியில் இருக்கும் பல் அடுத்த காட்சியில் இருக்காது. ஆட்டம் காணும் பல்லைப் பார்த்தே ஒரு பிள்ளையைத் தவிர்ப்பது உண்டாம். சில சமயம் அந்தக் காட்சியே திரைக்கதையிலிருந்து போய்விடும். சில சமயம் படமே நின்றுவிடும். வந்து குவியும் வீடியோக்களைப் பார்க்க ஆள் இருக்கிறது. கிடைக்காதவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் பதில் வருவதில்லை.

"அப்படியென்றால் யார் நன்றாக நடிக்கிறார்கள் என்று பார்க்கவே மாட்டீர்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "பார்ப்போம். நன்றாக நடித்தவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் ஒருவரைத்தான் எடுக்க முடியும்" என்றார் அவர். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கைகள் வரிசையாக உயர்ந்தன. நாங்கள் சொல்லும் ஆறுதலைவிட அந்த விளக்கம் பிள்ளைகளுக்கு அதிகம் உதவியது. அந்தத் தந்தைக்கு என் மனமார்ந்த நன்றி.

கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் குழந்தை நட்சத்திரங்களாகத் தொடங்கியவர்கள்தானே என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். உண்மைதான். 1960-இல் வெளிவந்த தன் முதல் படத்துக்கே கமல்ஹாசன் குடியரசுத் தலைவர் பதக்கம் பெற்றார். ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் அந்தக் கதையை ஆடிஷனுக்குப் போகும் வழியில் சொல்ல வேண்டாம். அன்று மாலை பதில் வராவிட்டால் தன் வாழ்க்கையே தவறிவிட்டதாக அது நினைத்துக்கொள்கிறது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான். போவதற்கு முன்பே, பெரும்பாலும் கிடைக்காது என்பதைச் சொல்லிவிடுங்கள். தைரியம் குறையுமே என்று தயங்க வேண்டாம். தெரிந்துகொண்டு போகும் பிள்ளை இன்னும் நிதானமாக நடிக்கிறது என்று அந்தத் துணை இயக்குநரும் சொன்னார். உறவினர்களுக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் முன்கூட்டியே அறிவிக்காதீர்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லும் சுமை குழந்தையின் தலையில் விழுகிறது. காத்திருப்புக்கு ஒரு முடிவு வையுங்கள். "அடுத்த ஞாயிறு வரை போன் வராவிட்டால் வேறு பிள்ளையை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்" என்று சொல்லுங்கள். அந்த ஞாயிறு வந்ததும், குழந்தை கேட்கும் வரை காத்திராமல், பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள். அழுதால் அழட்டும். "இதற்கெல்லாம் அழுவார்களா?" என்று அதட்டவும் வேண்டாம், உடனே பொம்மை வாங்கித் தந்து மறக்கடிக்கவும் வேண்டாம்.

"சிபாரிசு இருந்தால்தான் கிடைக்கும்" என்ற பேச்சை வீட்டில் தவிர்க்க வேண்டுகிறேன். பெரியவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். உழைத்துப் பயனில்லை என்றும், தேர்வான தோழி ஏமாற்றித்தான் வந்தாள் என்றும் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. அதேபோல, போனில் யாரிடமாவது குழந்தையின் நிறம், பருமன், பல், மூக்கு பற்றிப் பேசும்போது அது அடுத்த அறையில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த ஆடிஷனுக்குள் நிறம் மாற வேண்டும் என்று ஒரு பிள்ளை முகத்துக்குப் பூசும் கிரீமைப் புத்தகப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தது. அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது.

சிலவற்றைக் கண்டிப்பாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடிஷன் நாளில் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் தருவதை இனி ஏற்க மாட்டோம். மறுநாள் ஆசிரியர் முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியவர் குழந்தைதான். உள்ளதை எழுதிக் கேளுங்கள். பள்ளித் தேர்வு நாளாக இல்லாவிட்டால் அனுமதி தருவோம். தேர்வான குழந்தையைப் பற்றிப் பள்ளி வாசலில் நின்று பெரியவர்கள் பேசிய சில வார்த்தைகள் என் காதுக்கு வந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன். ஒன்பது வயதுக் குழந்தையைப் பற்றி அப்படிப் பேசுவதை இந்தப் பள்ளியின் வாசலில் இன்னொரு முறை அனுமதிக்க மாட்டோம். படத்தில் கிடைக்காததற்கு ஈடாக ஆண்டு விழா நாடகத்தில் முக்கிய வேடம் தர வேண்டும் என்று தமிழாசிரியருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் நிற்க வேண்டும். நாடக வேடங்களை அவரே முடிவு செய்வார். வேடம் கிடைக்காத ஒவ்வொரு பிள்ளையையும் அவர் தனியே அழைத்துக் காரணத்தைச் சொல்லிவிடுவார். யாரையும் பதிலுக்காகக் காக்க வைக்க மாட்டோம்.

சட்டத்தையும் இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன். 14 வயது நிறையாத பிள்ளைகள் நடிக்க, 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது, ஆனால் படிப்பு பாதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2017-இல் வந்த விதிகளின்படி நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலும், தொடர்ந்து 27 நாட்களுக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்பாகச் சேர வேண்டும். குழந்தையின் விருப்பமும் சம்மதமும் இல்லாமல் நடிக்க வைக்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. "மறுபடியும் போகலாமா?" என்று ஒவ்வொரு முறையும் பிள்ளையிடம் கேளுங்கள். "வேண்டாம்" என்று சொன்னால் அத்துடன் விட்டுவிடுங்கள். பதிவுக் கட்டணம், போட்டோ ஆல்பம் என்று உங்களிடம் முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நடிக்கும் பிள்ளைக்குத்தான் பணம் தர வேண்டும்.

இவ்வளவு எழுதக் காரணம் குழந்தைகள் மேல் நமக்கு இருக்கும் அக்கறைதான். உங்கள் அக்கறை என்னுடையதைவிடப் பெரியது என்பதையும் அறிவேன். வேலைக்கு விடுப்பு எடுத்து, இரண்டு பஸ் மாறி, வெயிலில் வரிசையில் நின்று பிள்ளையை அழைத்துப் போகிற பெற்றோர் யாரும் அதன் மனம் நோக வேண்டும் என்று நினைப்பதில்லை. தன் மகளுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்றே வகுப்பாசிரியரிடம் வந்து, "இந்த வாரம் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்று சொல்லிச் சென்ற அம்மாவுக்கு நன்றி. அந்த ஒரு சொல்லால் நாங்கள் அந்தப் பிள்ளையைச் சரியாக நடத்த முடிந்தது. மற்றவர்களும் அதுபோலத் தெரிவித்தால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். தேர்வான குழந்தையைத் தாமாகவே அழைத்துத் தங்களோடு உட்கார வைத்துக்கொண்ட நான்காம் வகுப்பு மாணவிகளையும் அவர்களை அப்படி வளர்த்த வீடுகளையும் வாழ்த்துகிறேன்.

மதிப்பெண் அட்டைகளைக் கையொப்பமிட்டுத் திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்புங்கள். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி அரங்கில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் நடைபெறும். அந்தத் துணை இயக்குநர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். பள்ளியின் மனநல ஆலோசகரும் இருப்பார். ஆடிஷன் விடுப்புக்கான விண்ணப்பம் அலுவலகத்தில் கிடைக்கும்.

உங்கள் தொடர்ந்த ஒத்துழைப்புக்கு நன்றி. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்