கல் அரவை ஆலைத் தொழிலாளர்களின் சிலிக்கோசிஸ் நோயைப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
கல் அரவைத் தொழிலாளர்கள், தொழில்சார் நோய் மருத்துவப் பணியாளர்கள்

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், சென்னை

பொருள்: சிலிக்கோசிஸ் (கல் தூசியிலுள்ள சிலிக்காவால் வரும் நுரையீரல் நோய்) பரிசோதனை, சான்றிதழ், தூசிக் கட்டுப்பாடு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஜல்லி, எம்-சாண்ட் கிரஷர்களில் பல ஆண்டு உழைத்தவர்கள் இருமலும் மூச்சிளைப்புமாக மருத்துவமனைக்கு வருகிறார்கள். எக்ஸ்ரேயில் இரு நுரையீரலின் மேற்பகுதியிலும் சிறு புள்ளிகள் தெரிகின்றன. சளியில் கிருமி இல்லாதபோதும் காசநோய் என்றே எழுதி ஆறு மாத மருந்து தரப்படுவதுண்டு. மருந்து முடிந்ததும் அவர்கள் திரும்புவது அதே தூசிக்குத்தான். என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று கேட்டாலே சிலிக்கோசிஸ் என்ற சந்தேகம் எழும். இதற்குக் குணமில்லை, வேலையை விட்ட பிறகும் முற்றும். காசநோய் வரும் வாய்ப்பையும் இதுவே கூட்டுவதால், கிருமி இருந்தாலும் சிலிக்கோசிஸ் இல்லை என்றாகாது. அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவும் இழப்பீட்டுக்குரிய நோயாகவும் சட்டம் இதை ஏற்றிருக்கிறது. ஆனால் காசநோய்ச் சீட்டை வைத்துக்கொண்டு அந்த இழப்பீட்டைக் கேட்க வழியில்லை.

எனவே, கிரஷர் தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுதோறும் எக்ஸ்ரேயும், மூச்சின் அளவைக் கணிக்கும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்து, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மாதிரி எக்ஸ்ரே படங்களோடு ஒப்பிட்டுப் படிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர்களைக் கொண்டு சான்றிதழ் வழங்க வேண்டுகிறோம். ராஜஸ்தான் அரசு 2019இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்து, நோயாளிக்கு 3 லட்சமும் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் அறிவித்தது.

தூசியைப் பொறுத்தவரை, பெயருக்குத் தண்ணீர்க் குழாய் இருப்பது போதாது. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் துகள் 5 மைக்ரானுக்கும் சிறியது. பெரிய நீர்த்துளி அதைப் பிடிக்காது, மெல்லிய பனித்தூவல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் நாசில் (தெளிப்பு முனை) அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மிஞ்சினால் சல்லடைக் கண் அடைபடும், உடனே வால்வை மூடிவிடுவார்கள். ஆகவே வடிகட்டியும் அழுத்தமானியும் கட்டாயமாக வேண்டும். கல்லை உடைக்கும் ஜா கிரஷரின் வாய், சல்லடை, கன்வேயரிலிருந்து கல் விழும் ஒவ்வோர் இடம் ஆகியவற்றுக்கு மூடியும் உறிஞ்சு குழாயும் தேவை. முகத்தில் கட்டும் துண்டு இத்துகளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் தர வேண்டும்.

ஆய்வின்போது, தொழிலாளியின் சட்டைக் காலரில் தூசி மாதிரி எடுக்கும் கருவி பொருத்தி முழு ஷிப்டுக்கும் அளக்க வேண்டுகிறோம். தூசியில் குவார்ட்ஸ் (படிக வடிவச் சிலிக்கா) 30 சதவீதம் என்றால், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருந்த வாய்பாட்டின்படி, சுவாசத்தில் உட்செல்லும் தூசி கன மீட்டருக்குச் சுமார் 0.31 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆலை வாசலில் வைக்கும் கருவி இதைக் காட்டாது.

வேலையை விட்டவர்களையும் பரிசோதனையில் சேர்க்க வேண்டும். ஒப்பந்த வேலை செய்த பலருக்கு வருகைப் பதிவேடே இல்லை. உடன் வேலை பார்த்த இருவரின் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்