பாப்பாவுக்கு, கணக்கு விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டேன், டாக்டர் இன்னும் தேதி சொல்லவில்லை. போனில் பேசும்போது என் பக்கத்தில் அப்பா இருக்கிறார், உன் பக்கத்திலும் யாரோ இருக்கிறார்கள், எதையும் பேச முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன். முகவரி தெரிந்திருந்தால் தபாலிலேயே போட்டிருப்பேன்.

பழைய கணக்கை மூடிவிட்டேன், படிப்பு முடிந்ததும் மாதக் கட்டணம் போட ஆரம்பித்துவிட்டார்கள், புது ஊரில் வேறு ஒன்று திறக்க வேண்டும் என்றாய். அதோடு சரி. அப்புறம் எப்போது கேட்டாலும் “பார்க்கலாம்மா” என்கிறாய். புதியது கைக்கு வருமுன் பழையதை மூடுவாளா ஒருத்தி? அதுவும் வங்கிக் கவுண்டரிலேயே காலம் தள்ளியவள் பெற்ற பெண்? ஜெர்மனியில் 2016-லிருந்து இதற்குச் சட்டமே இருக்கிறது. புது வங்கியில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், மாதாமாதம் போக வேண்டியவை, தானாகப் பிடிக்கப்படுபவை எல்லாவற்றின் பட்டியலையும் அவர்களே பழைய வங்கியிடம் வாங்கி மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு கணக்கும் கொஞ்ச நாள் கூடவே ஓடட்டும், பிறகு மூடிக்கொள்ளலாம். சரி, மூடியாயிற்று. இனி அதைப் பேசிப் பயனில்லை.

எந்த வங்கி என்று குழம்பித்தான் தள்ளிப் போடுகிறாய் என்றால், அதில் குழம்ப அவ்வளவு இல்லை. பெரிய வங்கியா சின்ன வங்கியா என்ற பயம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 யூரோ வரை டெபாசிட் காப்பு உண்டு. உன் சம்பளத்துக்கு அது தாராளம். நீ பார்க்க வேண்டியது வேறு. “கட்டணம் இல்லை” என்று விளம்பரம் போட்டிருப்பார்கள், கீழே பொடி எழுத்தில் மாதம் இவ்வளவு சம்பளம் வரவானால்தான் என்று இருக்கும். எந்த ஏடிஎம்மில் எடுத்தால் காசு பிடிக்க மாட்டார்கள் என்று கேள். அங்கே சின்னக் கடைகளில் இன்னும் அந்த ஊருக்கே உரிய ஜிரோகார்டு என்ற வங்கி அட்டையும் ரொக்கமும்தான் வாங்குகிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அப்படியென்றால் வெறும் விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டு மட்டும் தருகிற ஆப் வங்கி போதுமா என்று யோசி. கணக்கோடு ‘டிஸ்போ’ என்று ஒன்றைச் சேர்த்துத் தருவார்கள். நம் ஊர் ஓவர்டிராப்ட்தான் அது, இருப்புக்கு மேல் எடுக்கிற கடன். வட்டி பயங்கரம். வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஸ்பார்காஸே என்கிற சேமிப்பு வங்கி மாதிரி கிளை உள்ள இடத்தில் திறந்தால் நேரில் போய் ஒரு ஆளிடம் பேசலாம். ஆப் வங்கி என்றால் வீடியோவில் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள், அது சரிப்படவில்லை என்றால் தபால் நிலையத்தில் நேரில் காட்டுகிற வழியும் சிலரிடம் உண்டு. எனக்குக் கிளைதான் பிடிக்கும். எந்திரம் “ஆவணம் ஏற்கப்படவில்லை” என்று மட்டும் சொல்லும். கவுண்டரில் இருக்கிறவள் ஏன் என்று சொல்வாள். நான் சொல்லியிருக்கிறேன்.

பெயர் விஷயத்தில் ஜாக்கிரதை. பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விடக்கூடாது, அப்பா பெயரைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது ஞாபகமிருக்கிறதா? இனிஷியல் இருக்கும்போது எதற்கு என்று அப்பா முணுமுணுத்தார். இப்போது அந்த ஊர் முழுக்க உன்னை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது, அவருக்குப் பெருமை தாங்கவில்லை. குடியிருப்பு அட்டை, வேலை ஒப்பந்தம், வங்கி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரு எழுத்து மாறாமல் இருக்கட்டும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்புமுன், வாங்குபவர் பெயரும் ஐபான் என்ற கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று வங்கி பார்த்து அனுப்புகிறவருக்குக் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நாங்கள் பெயரைக் கையால் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பியதை இப்போது எந்திரம் செய்கிறது. கணக்கு வேறு பெயரில் இருந்தால் தெரிந்துவிடும்.

தபால் பெட்டியில் உன் பெயர் ஒட்டியிருக்கிறதா? முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அங்கே கதவு எண் பார்த்துத் தபால் போடுவதில்லை, பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். கார்டு ஒரு உறையில் வரும், பின் நம்பர் இன்னொரு உறையில் வேறு நாளில் வரும், பெயர் இல்லை என்றால் இரண்டும் வந்த வழியே திரும்பிவிடும். பெட்டி வேறொருவர் பெயரில் இருந்தால் மே/பா போட்டு அந்தப் பெயரையும் சேர்த்து எழுதலாம். ஆனால் ஒரு துண்டுச் சீட்டில் உன் பெயரை எழுதி அடியில் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? யார் வேண்டாம் என்பார்கள்?

2023-ல் நீ போனதை நினைத்துப் பார்க்கிறேன். மாணவர் விசாவுக்கான தடுப்புக் கணக்கில் 11,208 யூரோ மொத்தமாகக் கட்ட வேண்டும், அதிலிருந்து மாதம் 934 மட்டும் கைக்கு வரும். (2024-ல் அதை 11,904 ஆக்கிவிட்டார்களாம், மாதம் 992.) பார்க்காத ஊரில், பார்க்காத கணக்கில் கடன் பணத்தைப் போடுகிறோமே என்று அப்பா சரியாகத் தூங்கவில்லை. நீதான் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிற ஏ2 படிவத்திலிருந்து எல்லாவற்றையும் நீயே நிரப்பி, எங்கள் கிளைக்கு வந்து, என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல், அந்த ஆபீசரிடமே நேராகப் பேசி முடித்தாய். உன் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தத் தைரியம் உன் வயதில் இல்லை. சின்ன அத்தையிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அப்படிப்பட்டவளா இன்று ஒரு கணக்குக்குப் “பார்க்கலாம்மா” என்கிறாள்?

வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரோ அறையை வாடகைக்கு விட்டவரோ கையெழுத்திட்ட சான்று வேண்டும். அங்கேதான் சிக்கலோ என்று தோன்றுகிறது. யாரோ எடுத்த வீட்டில் ஒரு அறையில் இருந்தால், வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருந்தால், அந்தச் சான்று கிடைப்பது கஷ்டம். சான்று இல்லை, அதனால் பதிவு இல்லை, அதனால் கணக்கும் இல்லை. அப்படியா? அப்படித்தான் என்றால் இதைக் கவனமாகப் படி. அதே 2016 சட்டம் ‘பாசிஸ்கோண்டோ’ என்று ஒரு அடிப்படைக் கணக்கையும் தந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் யாருக்கும், நிலையான வீடில்லாதவருக்கும்கூட, அதைக் கேட்டு வாங்க உரிமை உண்டு. ஷூஃபா என்ற கடன் தகவல் நிறுவனத்தில் மதிப்பெண் சரியில்லை என்று மறுக்க முடியாது. சரியான விண்ணப்பம் கொடுத்தால் பத்து வேலை நாளுக்குள் கணக்கைத் தர முன்வர வேண்டும், மறுத்தால் பாஃபின் என்ற மேற்பார்வை அலுவலகத்தில் முறையிடலாம். இஷ்டத்துக்குக் கட்டணம் வாங்கவும் முடியாது. ஒரு வங்கி மாதம் 8.99 யூரோ வாங்கியது செல்லாது என்று 2020-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, வீடு பதியவில்லை என்பது ஒரு காரணமே இல்லை. பதிவையும் சீக்கிரம் செய், அது வேறு விஷயம்.

எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். பணம் வந்த அன்று கிளையிலிருந்து போன் வந்தது. நான் வேலை சொல்லிக் கொடுத்த பையன்தான். “மேடம், வெளிநாட்டிலிருந்து ஒரு வரவு இருக்கிறது, எந்தக் காரணத்துக்கு என்று படிவம் வேண்டும், அனுப்பியவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று ஒரு பெயரைப் படித்தான். பாவம், அவனால் அதை உச்சரிக்கக்கூட முடியவில்லை. என் மகள் பணம்தான், அவளுக்குத் தெரிந்தவர் வழியாக வந்திருக்கிறது என்றேன். குடும்பச் செலவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அப்பா பாஸ்புக்கில் தொகையை மட்டும் பார்த்தார்.

அந்தப் பெயர் யார் என்று நான் கேட்கவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். உனக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்.

நான் கவுண்டரில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். சம்பள நாளன்று சில பெண்கள் வருவார்கள். பின்னாலேயே ஒருவர் நிற்பார். வித்டிராயல் ஃபாரத்தைத் தொகை போட்டு அவரே நிரப்பியிருப்பார், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். அந்தக் குறியின் மேலேயே போடுவாள், பாஸ்புக்கை எடுத்துத் தன் பையில் வைக்கமாட்டாள், அவர் கையில்தான் கொடுப்பாள். இதில் பாதிப் பேர் நல்ல குடும்பம், சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பிறகு ஒருநாள் தனியாக வருவாள், இருப்பு எவ்வளவு என்று கேட்பாள், என்னால் திரையைத் திருப்பிக் காட்டத்தான் முடியும். பெரிய அத்தை அப்படி வந்தபோது டோக்கன்கூட எடுக்கத் தெரியாமல் நின்றாள். அது உனக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சேர்ந்து ஒரு கணக்கு திறக்கலாம் என்று யாராவது சொன்னால், அதுவும் தப்பில்லை, வாடகை, கரண்டு மாதிரிப் பொதுச் செலவுக்கு மட்டும். அங்கே ‘ஓடர்’ கணக்கு என்பார்கள், நம் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ மாதிரி. இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக முழுப் பணத்தையும் எடுக்கலாம். ஒருவர் இருப்புக்கு மேல் எடுத்தால் மற்றவரிடமும் முழுக் கடனையும் கேட்பார்கள். அதனால் சம்பளம் உன் தனிக் கணக்கில் விழட்டும், அங்கிருந்து மாதம் ஒரு தொகை பொதுக் கணக்குக்குப் போகட்டும். உன் கணக்கில் வேறு யார் பணமும் வர வேண்டாம், கொஞ்சம் வாங்கி அனுப்பிக் கொடு என்று யார் கேட்டாலும் சரி. திறக்கும்போதே என் சொந்தப் பணத்துக்காகத்தான் திறக்கிறேன் என்று எழுதி வாங்குவார்கள், ஏதாவது வில்லங்கமென்றால் விசாவில் போய் நிற்கும். முதலில் உன் பெயரில் ஒரு கணக்கு. மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று. இங்கே உன் பெயரிலும் என் பெயரிலும் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியே ஆக வேண்டும். வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்தவர் சாதாரணக் கணக்கை அப்படியே வைத்திருக்க ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. படிக்கப் போனபோதே செய்திருக்க வேண்டும், நீயும் நாளை நாளை என்றாய். மாற்றினால் ‘எய்தர் ஆர் சர்வைவர்’ போய் ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ ஆகிவிடும். நீ முதல் ஆள், நான் இரண்டாவது, உன் காலத்தில் எடுப்பதும் போடுவதும் உன் கையில். எனக்கு அதில் சந்தோஷம்தான். வட்டிக்கு முப்பது சதவிகிதத்துக்கு மேல் வரி பிடிப்பார்கள், அதனால் இனி அங்கிருந்து அனுப்புவதற்கு என்ஆர்இ என்ற இன்னொரு வகைக் கணக்கும் சேர்த்துத் திறந்துவிடலாம், அந்த வட்டிக்கு இங்கே வரி இல்லை, வேண்டும்போது திருப்பியும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு படிவமும் இணைத்திருக்கிறேன். பென்சிலால் எந்தக் குறியும் போடவில்லை, நீயே பார்த்து நிரப்பு. பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை நகல் வேண்டும். இரண்டாம் பக்கத்தில் வெளிநாட்டு முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் ஏற்கமாட்டார்கள், ஆதாரமாக அந்த ஊர்ப் பதிவுச் சான்றும் இணைக்க வேண்டும். கேட்பது வங்கி, நான் இல்லை.

அன்புடன்
அம்மா

பி.கு.: அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. பதிலை என் மெயிலுக்கு மட்டும் போடு, குடும்ப குரூப்பில் போட்டுவிடாதே.