சித்த மருத்துவக் கட்டுரையின் முதல் பத்தி: நண்பருக்கு ஒரு கடிதம்

நாகர்கோவில்
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அன்றே பதில் எழுத உட்கார்ந்து, இரண்டு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன். நீ கொதித்துப் போய் எழுதியிருந்தாய்; நானும் அதே சூட்டில் பதில் சொன்னால் நாற்பது வருடப் பழக்கத்துக்கு அழகில்லை என்று தோன்றியது. இங்கே மூன்று நாளாக மழை. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டாம் மாதம். என் இடது முட்டி மாடிப்படியைக் கண்டாலே மறுக்கிறது. மற்றபடி நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கில விக்கிப்பீடியாவின் சித்த மருத்துவக் கட்டுரையில், இந்திய மருத்துவச் சங்கம் அதைப் போலி மருத்துவமாகக் கருதுகிறது என்று ஒரு வாக்கியமும், அதை ஒட்டி 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து ஒரு மேற்கோளும் முன்வரிசையிலேயே நின்றதைப் பார்த்தாய். நீக்கினாய். யாரோ திரும்பச் சேர்த்தார். மறுபடி நீக்கினாய். ஒரே இரவில் நாலு முறை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒரு பக்கத்தில் மற்றவர் செய்த மாற்றத்தை மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால் கணக்கை முடக்கலாம் என்பது அங்கே பழைய விதி. நியாயம் யார் பக்கம் என்று அந்த விதி பார்ப்பதில்லை. உன் கணக்கு ஒரு நாள் முடங்கியது. 'தமிழனின் மருத்துவம் என்பதால்தானே இந்த இளக்காரம்' என்று எனக்கு எழுதிவிட்டாய்.

அந்த வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆயுர்வேதத்தைப் பற்றிய கட்டுரையைத் திறந்து பார். போலி அறிவியல் என்ற சொல்லை அங்கே நேராகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆயுர்வேத மருந்து உற்பத்தியாளர் அமைப்பு ஒன்று அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 அக்டோபரில் நீதிமன்றம் அந்த மனுவை ஏற்க மறுத்து, நீங்களே கட்டுரையைத் திருத்தலாமே என்றது. ஓமியோபதிக்கும் அதே நிலைதான். 2014-இல் அமெரிக்காவில் 'ஆற்றல்' சிகிச்சைக்காரர்கள் கையெழுத்து திரட்டி, எங்களை நியாயமாக நடத்துங்கள் என்று விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸிடமே கேட்டார்கள். மதிப்புள்ள அறிவியல் இதழ்களில் உங்கள் ஆய்வை வெளியிடுங்கள், விக்கிப்பீடியாவில் தானாக இடம் கிடைக்கும் என்பதுதான் அவர் சொன்ன பதிலின் சாரம். அந்த அமெரிக்கர்களுக்குக் கிடைத்த பதில்தான் நமக்கும் கிடைத்திருக்கிறது.

நடுநிலை என்றால் நம் மனத்தில் ஊர்ப் பஞ்சாயத்துதான் வருகிறது. இவருக்குப் பாதி, அவருக்குப் பாதி என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது. கலைக்களஞ்சியத்தின் நடுநிலை நோக்கு வேறு. நம்பத்தகுந்த எழுத்துகள் ஒரு கருத்துக்கு எவ்வளவு கனம் தருகின்றனவோ அவ்வளவு கனத்தையே கட்டுரையும் தர வேண்டும். தராசு முள் நடுவில் நிற்கட்டும் என்பதற்காக லேசான தட்டில் யாரும் கல்லைப் போடுவதில்லை. ஒரு மருந்து நோயைத் தீர்க்கும் என்று சொல்ல, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட மீளாய்வுக் கட்டுரைகளை அங்கே கேட்கிறார்கள். முப்பது பேரிடம் நடத்திய ஒரு சோதனையைக் கொண்டுபோனால் போதாது. கடுமைதான். ஆனால் படிப்பவர் காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையின் தாயாக இருக்கலாம். 2008-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு உனக்கு நினைவிருக்கும். இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பாதரசமும் பாடாணம் என்ற நச்சுத் தாதுக்களும் சேரும் பற்பமும் செந்தூரமும் உள்ள நம் மருத்துவத்துக்கு அந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது.

இதை உன்னிடம் சொல்ல எனக்கு எளிதாக இல்லை. பத்தாம் வகுப்பில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது உன் அப்பாதான் பார்த்தார். விடியற்காலையில் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கி, தன் கையாலேயே தருவார். உப்பில்லாக் கஞ்சி. பதினெட்டாம் நாள் கண்ணில் மஞ்சள் போய்விட்டது. காசு வாங்கவில்லை, என் அம்மா கொடுத்த வாழைக்குலையை மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த மனிதரைப் போலி என்று எவர் சொன்னாலும் எனக்கும் நெஞ்சு எரியும். ஆனால் அந்த வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும் என்று பிறகு படித்தேன். கீழாநெல்லி தீர்த்ததா, காலம் தீர்த்ததா என்று என் ஒற்றை உடம்பை வைத்துச் சொல்ல முடியாது. அப்பாவின் அன்புக்கு நான் சாட்சி. மருந்துக்கு நான் சான்றாக முடியாது.

இனி உன் பக்க நியாயம். அது பெரியது, அதைத்தான் நீ வீணாக்கிவிட்டாய். அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்தாயா? நான் நேற்று இரவு படித்தேன். வழக்கு கேரளத்தைச் சேர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாத பரம்பரை வைத்தியர்கள் தொழில் செய்ய அனுமதி கேட்டார்கள், நீதிமன்றம் மறுத்தது. படிப்பும் பயிற்சியும் இல்லாதவர்கள் மக்கள் உயிரோடு விளையாடுகிறார்கள் என்ற கண்டனம் அவர்களைக் குறித்தது. சித்த மருத்துவம் என்ற முறையே போலி என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. மருத்துவச் சங்கத்தின் கருத்துக்குப் பக்கத்தில் அந்த வரியை ஒட்டிவைத்தால், இரண்டும் ஒன்றையே சொல்வதுபோல் படிப்பவருக்குப் படும். மூலம் நம்பத்தகுந்தது, அதன்மேல் ஏற்றிய பொருள் மூலத்தில் இல்லை. கலைக்களஞ்சியச் சண்டைகளில் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான். சான்று இல்லாத பொய்யை யாரும் பிடித்துவிடுவார்கள். அடிக்குறிப்பு எண்ணோடு நிற்கும் வரியை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். உன் அப்பாவிடம் பட்டமும் இல்லை, பதிவும் இல்லை. அந்தத் தீர்ப்பின் சொற்கள் கல்லூரியில் படித்து வந்த சித்த மருத்துவரை விட்டுவிட்டு உன் அப்பா போன்றவர்கள்மேல்தான் விழுகின்றன. உன் கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வலியைக் கலைக்களஞ்சியத்தால் ஆற்ற முடியாது.

ஆகவே நாளைக்கு அந்த முதல் பத்தியைத் தொடாதே. கட்டுரையைத் திருத்துவோர் கூடி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போ. தீர்ப்பின் பத்தி எண்ணைக் காட்டி, மனுதாரர் யார், என்ன கேட்டார்கள் என்று நாலு வரியில் எழுது. மருத்துவச் சங்கத்தின் கருத்து அந்தச் சங்கத்தின் கருத்தாகவே இருக்கட்டும். அலோபதி மருத்துவர்களின் அமைப்பு அது என்பதும் கூடவே இருக்கட்டும். சட்டநிலை தனி வாக்கியமாக வரட்டும்: சித்த மருத்துவ இளநிலைப் படிப்பான பி.எஸ்.எம்.எஸ். அரசு ஏற்ற பட்டம், 2020 சட்டப்படி அமைந்த இந்திய மருத்துவ முறைத் தேசிய ஆணையத்தின் கீழ் சித்த மருத்துவமும் வருகிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இவற்றை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அரசு ஏற்றதால் குணமாகும் என்று மட்டும் சேர்த்துவிடாதே. 2020-இல் தமிழ்நாட்டு அரசு கபசுரக் குடிநீர் வழங்கியது என்பதற்கு அரசாணையும் செய்தித்தாளும் போதும். அது கொரோனாவைத் தடுத்தது என்பதற்கு அவை போதாது.

எதற்குச் சான்று என்று கேட்காமல், நல்ல மூலம் கெட்ட மூலம் என்று பிரிப்பதில் பயனில்லை. டி.வி. சாம்பசிவம் பிள்ளையை எடுத்துக்கொள். சென்னைக் காவல்துறையில் வேலை பார்த்த மனிதர், தனி ஆளாகச் சித்த மருத்துவ அகராதியைத் தொகுத்தார். ஒரு மூலிகைக்கு எத்தனை பெயர், ஒரு சொல் எந்தப் பொருளில் வழங்கியது என்பதற்கு அவரைவிட நல்ல மூலம் எனக்குத் தெரியாது. அதே அகராதியைக் காட்டி ஒரு மூலிகை சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவரோடு நான் ஒரு மாதம் வாதாடினேன். அவர் கடைசி வரை ஒப்பவில்லை. இப்போது அந்த வரி, 'தீரும் என்று மரபில் சொல்லப்படுகிறது' என்ற உருவில் நிற்கிறது. அதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

என் பிழை ஒன்றையும் கேள். எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றைப் பற்றிய கட்டுரையில், வெட்டிய நூற்றாண்டை நினைவிலிருந்து எழுதினேன், சான்று இல்லாமல். இரண்டு வருடம் கழித்து ஒரு பத்திரிகை அதை அப்படியே எடுத்து அச்சிட்டது. பிறகு ஒரு இளைஞர் அந்தப் பத்திரிகையையே மேற்கோளாகக் கட்டுரையில் சேர்த்துவிட்டார். என் தவறு உலகத்தைச் சுற்றிவந்து சான்றாக உட்கார்ந்துகொண்டது. கண்டதும் வெட்கத்தில் தூக்கம் வரவில்லை. ஆங்கிலத்தில் இதைவிடப் பெரிதாக நடந்திருக்கிறது: மின்சார ரொட்டி வாட்டியைக் கண்டுபிடித்தவர் என்று 2012-இல் விளையாட்டாகச் சேர்த்த ஒரு பெயர், 2022 வரை பத்து வருடம் புத்தகங்களிலும் செய்திகளிலும் உலவியது. 'சான்று தேவை' என்ற குறியை என் கட்டுரையில் யாராவது போட்டால் நான் இப்போதெல்லாம் வருந்துவதில்லை.

ஆனாலும் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அச்சில் ஏறாதவர்களின் அறிவு எங்கே போகும்? இதற்கு என்னிடம் சுலபமான பதில் கிடையாது. 1987-இல் அகத்தியமலையில் ஆய்வாளர்களோடு வழிகாட்டிகளாக நடந்த காணிப் பழங்குடி மக்கள், களைப்புத் தெரியாமலிருக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். அந்தச் செடியின் பெயர் ஆரோக்கியப் பச்சை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் அறிந்த செடி, ஆய்வாளர்கள் எழுதிய பிறகுதான் உலகம் மேற்கோள் காட்டக்கூடிய அறிவாக ஆனது. 2011-இல் சிலர், வாய்மொழியைப் பதிவுசெய்து அதையே மேற்கோளாக வைக்கலாமே என்று கேரளத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் முயன்று பார்த்தார்கள். நல்ல முயற்சி, விதியை அது மாற்றிவிடவில்லை. அச்சடித்த காகிதத்தை மட்டும் நம்பினால், காகிதம் வாங்க வசதி இருந்தவர்களின் உலகமே கலைக்களஞ்சியத்தில் நிறையும். இதில் நான் உன் கட்சி. பிலிப் ராத் போன்ற புகழ்பெற்ற எழுத்தாளரே 2012-இல் தன் நாவலைப் பற்றிய தவறைத் திருத்தப் போய், வேறு சான்று வேண்டும் என்று திரும்பினார். அவர் ஒரு பெரிய பத்திரிகையில் திறந்த மடல் எழுதினார், அதுவே சான்றாகிவிட்டது. காணிக்காரர் எந்தப் பத்திரிகைக்கு மடல் எழுதுவார்?

அதனால்தான் அப்பாவின் தகரப் பெட்டியைப் பற்றி மறுபடி கேட்கிறேன். அதில் அப்பாவின் மருத்துவக் குறிப்பு நோட்டோடு எத்தனை சுவடிக் கட்டு என்று உனக்கே தெரியாது என்றாய். கறையான் நமக்காகக் காத்திருக்காது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் காட்டலாம். அதற்கு முன் ஒவ்வொரு ஏட்டையும் நாமே படம் எடுத்து வைத்துக்கொள்வோம். அப்பாவின் நோட்டு உங்கள் குடும்பத்துக்கு உரியது, தங்கையிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். யாராவது சுவடி படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு ஒழுங்காகப் பதிப்பித்தால், நாளைக்கு ஒரு ஆராய்ச்சி மாணவர் அதைப் பற்றி எழுதுவார். அப்போது கலைக்களஞ்சியம் அவரை மேற்கோள் காட்டும். நோட்டைத் திறந்து நீயே கட்டுரையில் ஏற்றினால், அது சொந்த ஆய்வு, வேறெங்கும் வெளியாகாததை அங்கே ஏற்பதில்லை. ஒரு மணி நேரத்தில் நீக்கிவிடுவார்கள், நானே நீக்குவேன்.

அதற்கிடையில் வரலாற்றுப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது, அங்கே வா. சென்னை மாகாண அரசு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவ முறைகளை ஆராயக் குழு அமைத்தது. 1923-இல் அறிக்கை வந்தது. அந்த அறிக்கையை வைத்துத் தமிழில் நல்ல கட்டுரை ஒன்று எழுத உன்னைப் போல் பொறுமையும் ஆங்கிலமும் உள்ள ஆள் வேண்டும். போலியா இல்லையா என்று அங்கே யாரும் உன்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

பேச்சுப் பக்கத்தில் எழுதுவதை முதலில் எனக்கு அனுப்பு. 'இளக்காரம்' என்ற சொல் இருந்தால் எடுத்துவிடுகிறேன். மகளின் பிரசவம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை கிளம்பி வா, இரண்டு பேருமாகத் தக்கலைக்குப் போய்ப் பெட்டியைத் திறப்போம். சாவி உன் அண்ணியிடம் இருக்கிறது என்று சொன்னதாக ஞாபகம். கேட்டு வாங்கி வை.

உன் அன்பு நண்பன்