பட்டமில்லாத பதினைந்து பருவங்கள்: யு.சி.எல்.ஏ.வில் படிக்கும் என் மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

சென்ற வாரம் நீ அனுப்பிய செய்தியை இரண்டு முறை படித்தேன். யு.சி.எல்.ஏ.வின் (லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கூடைப்பந்து ஆட்டங்கள் நடக்கும் பாலி அரங்கின் மாணவர் வரிசையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, தோல்வியோடு விடுதிக்குத் திரும்பிய இரவில் எழுதியது என்பதால் அதிலிருந்த சூட்டை நான் குறையாக எண்ணவில்லை. ஆனால் அதில் ஒரு வாக்கியம் மனத்தில் தைத்துவிட்டது. ஜான் வுடன் 10 தேசியப் பட்டங்கள் வென்ற இடத்தில், பிற்காலத்தில் அதே பொறுப்புக்கு வந்து ஒரு பட்டமும் வெல்லாத மிக் குரோனினை எப்படி வெற்றிபெற்ற பயிற்சியாளர் என்று சொல்ல முடியும் என்று கேட்டிருந்தாய். உன்னைப்போல் பலரும் கேட்கிற கேள்வி இது. அதனால்தான் பதிலை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

நீ சொல்லும் வுடன் யார் என்பதை முதலில் பார்ப்போம். 1964 முதல் 1975 வரையிலான 12 பருவங்களில் 10 பட்டங்கள், அவற்றில் 1967 முதல் 1973 வரை தொடர்ச்சியாக ஏழு. ஒரு தோல்வியும் இல்லாத பருவங்கள் நான்கு. 1974 ஜனவரியில் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி 71-70 என்று தடுத்து நிறுத்தும்வரை தொடர்ந்து 88 வெற்றிகள். அந்த 12 பருவங்களில் அவருடைய அணி ஆடிய 357 ஆட்டங்களில் தோற்றவை 22 மட்டுமே. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் வேறு எவரும் இதன் அருகில்கூட வந்ததில்லை. இதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் வுடன் யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தது 1964-இல் அல்ல, 1948-இல். முந்தைய பருவத்தில் 12 வென்று 13 தோற்றிருந்த அணியை எடுத்து, முதல் பருவத்திலேயே 22 வெற்றி, 7 தோல்வி என்று மாற்றிக் காட்டினார். ஆனாலும் அந்தப் பருவத்தையும் சேர்த்து முதல் 15 பருவங்கள் பட்டமில்லாமல் கழிந்தன. அந்த 15 பருவங்களில், தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) போட்டிக்கு அவர் அணி தகுதி பெற்றது ஐந்து முறை மட்டுமே. போட்டிக்கு அழைக்கப்பட்ட அணிகளின் எண்ணிக்கை அன்று மிகக் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் 1959-60 பருவத்தில் அவர் 14 வெற்றி, 12 தோல்வி என்று முடித்தார். அது அவருடைய பன்னிரண்டாவது பருவம். இன்று ஒரு பயிற்சியாளர் தம் பன்னிரண்டாவது பருவத்தில் அப்படி முடித்தால் நீயும் உன் நண்பர்களும் என்ன எழுதுவீர்கள் என்று எண்ணிப் பார். அணிக்கு அப்போது சரியான அரங்கமே கிடையாது. ஆண்கள் உடற்பயிற்சிக் கட்டடத்தின் மாடியில், காற்றோட்டமில்லாத ஒரு கூடத்தில்தான் பயிற்சி. தரையைப் பெருக்குவதில் வுடனும் கைகொடுத்தார். நீ ஆட்டம் பார்க்கும் பாலி அரங்கம் 1965-இல், இரண்டு பட்டங்களுக்குப் பிறகுதான் திறக்கப்பட்டது.

வுடனோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லும்போதெல்லாம் அவருடைய பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முற்பாதியை விட்டுவிடுகிறோம் என்பதே என் முறையீடு. அந்த 15 பருவங்களும் பல்கலைக்கழகத்தின் வரலாறுதான். காத்திருக்க ஆளிருந்ததால்தான் அந்தப் பத்துப் பட்டங்கள் வந்தன.

இந்த அளவுகோல் ஒரு மனிதரை என்ன செய்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உன் வயதுக்காரர்கள் அவர் பெயரைக்கூட அறிவதில்லை. 1975-இல் வுடன் ஓய்வு பெற்றதும் அந்தப் பொறுப்பை ஏற்றவர் ஜீன் பார்ட்டோ. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1973-இல், மெம்ஃபிஸ் அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுவந்து, யு.சி.எல்.ஏ. வீரர் பில் வால்டன் 22 முயற்சிகளில் 21-ஐக் கூடையில் போட்ட அந்த ஆட்டத்தில் வுடனிடமே தோற்றவர். யு.சி.எல்.ஏ.வில் அவர் முதல் பருவத்திலேயே கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தார். அங்கே அவரைத் தோற்கடித்தது அந்தப் பருவம் முழுவதும் ஒரு தோல்வியும் காணாத இந்தியானா. இரண்டு பருவங்களில் 52 வெற்றி, 9 தோல்வி. இதை விழுக்காட்டில் சொன்னால் 85-க்குச் சற்று மேல். வுடன் யு.சி.எல்.ஏ.வில் கழித்த 27 பருவங்களின் மொத்தக் கணக்கு 620 வெற்றி, 147 தோல்வி, அதாவது 81-க்குச் சற்றுக் கீழ். வுடனின் முழுக் கணக்கைவிட மேலான கணக்கோடு நின்ற அந்த மனிதரை ரசிகர்களும் பத்திரிகைகளும் ஒவ்வொரு தோல்விக்கும் வறுத்தெடுத்தார்கள். 1977-இல் அவர் தாமாகவே விலகி, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் கூடைப்பந்து அணியே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய், வெறும் தரையிலிருந்து ஓர் அணியைக் கட்டினார். ஐந்து ஆண்டுகளுக்குள் அந்த அணி தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. பார்ட்டோ தோற்றுப்போன பயிற்சியாளர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பல ஆண்டுகள் கழித்து, 2018-19 பருவத்தின் நடுவில் யு.சி.எல்.ஏ. பயிற்சியாளர் ஸ்டீவ் ஆல்ஃபோர்ட் நீக்கப்பட்டபோது, மீதிப் பருவத்துக்கு இடைக்காலப் பயிற்சியாளராக அமர்ந்தவர் பார்ட்டோவின் மகன் மர்ரி. அந்த ஆட்டங்களைப் பார்க்கையில் என் நினைவெல்லாம் தந்தையைச் சுற்றியே இருந்தது.

வுடனும் இந்த அளவுகோலிலிருந்து தப்பவில்லை. 1974-இல் அரையிறுதியில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு தோற்று, ஏழு ஆண்டுத் தொடர் அறுந்தது. அடுத்த ஆண்டு கென்டக்கியை 92-85 என்று வென்று தம் கடைசி ஆட்டத்தில் பத்தாவது பட்டத்தைப் பெற்ற அன்று, ஆதரவாளர் ஒருவர் வந்து, சென்ற ஆண்டு எங்களை ஏமாற்றியதற்கு இது ஈடாகிவிட்டது என்ற பொருளில் அவரை வாழ்த்தினாராம். வுடனே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. பத்துப் பட்டங்கள் வென்றவருக்கே ஓர் ஆண்டு இடைவெளி மன்னிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்தவர்களின் நிலை உனக்கே விளங்கும்.

பார்ட்டோவுக்குப் பிறகு வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரி கன்னிங்ஹாம் இரண்டே பருவங்களில் 50 வென்று 8 மட்டும் தோற்று, தாமாக விலகினார். லாரி பிரவுன் 1980-இல் இறுதி ஆட்டத்துக்கு வந்து லூயிவில்லிடம் தோற்றார். அந்த இடத்தையும் என்.சி.ஏ.ஏ. பின்னர் விதிமீறல்களுக்காகச் செல்லாததாக்கியது. வுடனின் மாணவர்களான லாரி ஃபார்மரும் வால்ட் ஹசார்டும் ஆளுக்கு நான்கு பருவங்களுக்குமேல் நீடிக்கவில்லை. 1975-க்கும் 1988-க்கும் இடையே, 13 பருவங்களில் ஐந்து பயிற்சியாளர்கள். அணி சரிந்ததற்கு இந்த அவசரமும் ஒரு காரணம் என்பதே என் உறுதியான எண்ணம்.

அடுத்து ஜிம் ஹாரிக். வுடனுக்குப் பிறகு பட்டம் வென்ற ஒரே பயிற்சியாளர், 1995-இல். அந்த ஆண்டு இரண்டாம் சுற்றில் மிசௌரிக்கு எதிராக ஒரு புள்ளி பின்தங்கி, 4.8 வினாடிகள் மட்டுமே மீதமிருந்தபோது, டையஸ் எட்னி பந்தைத் தட்டிக்கொண்டே ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடிக் கூடையில் போட்டதை நீ காணொளியில் பார்த்திருப்பாய். நான் அதை மாணவனாக இருந்தபோது ஒரு சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தேன். அறையில் இருந்த அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்தப் பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்திருந்தால் பதினோராவது பட்டம் இல்லை. அடுத்த ஆண்டு அதே ஹாரிக் முதல் சுற்றில் பிரின்ஸ்டனிடம் 43-41 என்று தோற்றார். 1996 நவம்பரில் ஒரு விருந்துச் செலவுக் கணக்கைத் திரித்ததற்காக நீக்கப்பட்டார்.

இப்போது பென் ஹவ்லாண்டைப் பார். 2006, 2007, 2008 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக யு.சி.எல்.ஏ.வை நிறுத்தினார். மூன்று முறையும் பட்டமில்லை. ஆனால் ஒரு தோல்வியோடு வெளியேற வேண்டிய போட்டியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவ்வளவு தூரம் வருவதற்கு, ஓர் ஆண்டு பட்டம் வெல்வதைவிட அதிகமான பயிற்சித் திறன் வேண்டும் என்பது என் கருத்து. பலர் இதை ஏற்க மாட்டார்கள். அரங்கின் கூரையில் ஆண்கள் கூடைப்பந்துக்குப் பட்டங்களுக்கான 11 கொடிகள் மட்டும் தொங்குவதால் ஹவ்லாண்டின் அந்த மூன்று ஆண்டுகளைப் புதிதாக வருகிறவன் கண்ணால் காண வழியில்லை. 2013-இல், லீக்கில் முதலிடம் பிடித்த பருவத்தின் முடிவிலேயே அவரை நீக்கினார்கள்.

அப்படியானால் வுடனின் பட்டங்களும் நற்பேறா என்று நீ கேட்கலாம். இல்லை. அவருடைய அணி 1964 முதல் 1974 வரை என்.சி.ஏ.ஏ. போட்டியில் தொடர்ந்து 38 ஆட்டங்களை வென்றது. நற்பேறு அத்தனை முறை வந்து கதவைத் தட்டாது. ஆனால் களமும் விதியும் வேறாக இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். 1964-இல் பட்டம் வெல்ல நான்கு ஆட்டங்கள் போதும், இன்று ஆறு. மேற்குப் பகுதி அணிகள் அன்று மேற்கிலேயே மோதி மேலே வந்தன. லூ அல்சின்டர் போன்ற ஒரு வீரர் சேர்ந்துவிட்டால் மூன்று பருவங்கள் உன்னோடு இருப்பார். மூன்றிலும் பட்டம் கிடைத்தது. இன்றைய வீரர் ஒவ்வொரு கோடையிலும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். 2021 முதல் தம் பெயரையும் புகழையும் வைத்துப் பணமும் ஈட்டலாம். வீரர்களுக்கு இது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பயிற்சியாளர் ஆண்டுதோறும் ஏறக்குறையப் புதிய அணியைக் கட்ட வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: சாம் கில்பர்ட் என்ற செல்வந்தர் வுடன் காலத்திலிருந்தே வீரர்களோடு நெருங்கிப் பழகியவர், அவரோடு உள்ள தொடர்பைத் துண்டிக்கும்படி 1981-இல் என்.சி.ஏ.ஏ. யு.சி.எல்.ஏ.வுக்கு உத்தரவிட்டது. வுடன்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை, அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமும் இல்லை. என்றாலும் அந்த நிழலின் விலையை அவருக்குப் பின் வந்தவர்கள் கொடுத்தார்கள்.

இனிக் குரோனின். 2019-இல் வந்தார். ஹவ்லாண்டின் கடைசி ஆண்டுகளும் ஆல்ஃபோர்டின் பருவங்களும் பாலி அரங்கில் காலி இருக்கைகளை விட்டுச் சென்றிருந்தன. முதல் ஆண்டுப் போட்டியைத் தொற்றுநோய் கொண்டுபோயிற்று. 2021-இல் முதன்மைச் சுற்றுக்கு நுழைய ஒரு கூடுதல் ஆட்டத்தில் வென்றாக வேண்டும் என்ற நிலையில் தொடங்கி, ஐந்து அணிகளைத் தாண்டிக் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தார். அங்கே கூடுதல் நேரம் முடியும் கணத்தில் கொன்சாகாவின் ஜேலன் சக்ஸ் நடுக்கோட்டுக்கு அருகிலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்து 93-90 என்று முடிந்தது. எட்னியின் பந்தும் சக்ஸின் பந்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒன்று நமக்கு விழுந்தது, மற்றது எதிரிக்கு விழுந்தது. 2022-இலும் 2023-இலும் கடைசி 16-க்குள் வந்தார். 2023-இல் 31 வெற்றி, 6 தோல்வி. ஜேலன் கிளார்க் காலில் காயம்பட்டு விலகாமல் இருந்திருந்தால் அந்த அணி எங்கே போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

2024-இல் 16 வெற்றி, 17 தோல்வி என்பது குறை. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. முந்தைய கோடையில் அணியின் முதுகெலும்பு முழுவதும் வெளியேறியது உண்மை. அதற்குரிய மாற்று ஏற்பாட்டைச் செய்வதுதான் அவர் வேலை. தோல்விக்குப் பின் செய்தியாளர்கள் முன்னால் தம் வீரர்களைக் கடிந்து பேசும் அவர் வழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. 20 வயது இளைஞனைத் திருத்த வேண்டிய இடம் உடைமாற்றும் அறை. அடுத்த பருவத்தில், நாடு முழுவதும் பரவிய பிக் டென் லீக்கின் நெடும் பயணங்களுக்கு நடுவே, 23 வெற்றிகளோடு மீண்டும் போட்டிக்குள் வந்தார் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆகவே குரோனினின் முதல் ஆறு பருவங்களை வைத்து நீ கேட்டதற்கு என் பதில்: வுடனுக்குப் பின் வந்தவர்களில் நான் ஹவ்லாண்டை முதலிலும் ஹாரிக்கை அடுத்தும் வைக்கிறேன். பார்ட்டோவுக்குப் போதிய காலம் கொடுக்கப்படவில்லை; கொடுத்திருந்தால் அவரே முதலில் நின்றிருப்பார் என்று நம்புகிறேன். குரோனினை இவர்களுக்கு அடுத்து, ஹாரிக்குக்குப் பின் வந்த ஸ்டீவ் லாவினுக்கும், ஆல்ஃபோர்டுக்கும் மேலே வைக்கிறேன். லாவின் ஏழு பருவங்களில் ஐந்து முறை கடைசி 16-க்குள் வந்தவர் என்பதால் அந்த இடைவெளி பெரிதல்ல. குரோனின் தொடர்ந்து இரண்டு பருவங்கள் என்.சி.ஏ.ஏ. போட்டிக்குத் தகுதி பெறாமல் போனால் நீ கேட்ட கேள்வியை அப்போது நானே கேட்பேன். அதுவரை, வுடனின் பெயரும் அவர் மனைவி நெல்லின் பெயரும் பொறித்த அந்த ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்கும் மனிதரைப் பார்த்துக் கத்துமுன், 1960-இல் அந்த மாடிக்கூடத்தில் துடைப்பத்தோடு நின்றவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்.

தேர்வுகள் முடிந்ததும் எழுது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா