சோதிக்கும் வரை கோதுமையை நிறுத்தாதே

பாளையங்கோட்டை,
ஆனி மாதக் கடைசி

என் பிரியமான தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுதியிருப்பேன். ஆனித் தேருக்கு அக்கா வீட்டிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். வீடு நிறைய ஆள், பொழுது முழுக்க அடுப்படி. தேர் நிலைக்கு வந்து, அவர்களும் தென்காசி பஸ் ஏறிய பிறகு இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டதாம். இங்கே மழை இல்லை, காற்று மட்டும் வாசல் கதவைப் படார் படாரென்று அடிக்கிறது. அண்ணாச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், கேட்கவே நிம்மதியாக இருந்தது.

சரி, மற்றதெல்லாம் அப்புறம். வயிறு உப்புகிறது, அடுத்த மாதம் ஒண்ணாம் தேதியிலிருந்து கோதுமையை அடியோடு விடப் போகிறேன், கோதுமையில் இருக்கிற குளூட்டன் இல்லாத மாவு கூட வாங்கியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் முதலில் பதில். நிறுத்தாதே ஏளா. ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் வரைக்கும் நிறுத்தாதே.

கோதுமை உன் உடம்புக்கு ஆகாமல் இருக்கலாம். இல்லை, அதன் மேல் வீண் பழியாகவும் இருக்கலாம். எது என்று சொல்கிற ரத்தச் சோதனை, நீ கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கோதுமை உள்ளே போனால் உடம்பு தன் குடலையே தாக்குகிற சீலியாக் என்ற நோய் ஒன்று உண்டு. அது இருக்கிறவர்கள் கோதுமை சாப்பிட்டால் உடம்பில் ஒரு எதிர்ப்புப் பொருள் ஊறும், அதைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. சாப்பாட்டை மாற்றிவிட்டால் அது இறங்கிப் போகும், குடலும் ஆறத் தொடங்கும். பிறகு நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, நானே பட்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எனக்கும் உன்னைப் போலத்தான். சாயங்காலம் ஆனால் வயிறு உப்பி, சேலைக் கொசுவத்தைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற ஒருவர், நாலு கேள்வி கேட்டுவிட்டு, கோதுமைதான் காரணம், நிறுத்துங்கள் என்றார். சோதனை என்ற பேச்சே இல்லை. நானும் நிறுத்தினேன். பதினைந்து நாளில் வயிறு இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம், பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். ஐந்து மாதம் அப்படியே ஓடியது.

ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் பால் பாயசம் ரெண்டு டம்ளர் குடித்தேன். சேமியா இல்லை, பச்சரிசிப் பாயசம். அன்றைக்கு ராத்திரி பழைய பாடு அப்படியே திரும்பி வந்தது. கோதுமை ஒரு பொட்டு உள்ளே போகவில்லை, பிறகு ஏன்? மறுநாளே குடல் நோய் பார்க்கிற டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சப்பாத்தியோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் நின்றது, யோசித்துச் சொல்லுங்கள்” என்றார். அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டால் மேலே ஒரு டம்ளர் பால் குடிப்பேன். அது இட்லியாக மாறியதும் பால் நின்றுவிட்டது. சாயங்காலம் ரஸ்க் போனதும், ரஸ்க்கை முக்கித் தின்கிற பால் காப்பியும் போய், சுக்குக் காப்பி ஆனது. நான் கோதுமையைத்தான் விட்டேன் என்று நினைத்தேன், கூடவே பாலும் நின்றது என் கண்ணில் படவே இல்லை.

ஆனாலும் சீலியாக் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார். அதற்கு நான் ஆறு வாரம் தினமும் ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அந்த ஆறு வாரமும், இது என் குடலை அரிக்கிறதோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு வாயும் உள்ளே போனது. முதலிலேயே சோதித்திருந்தால் இந்தப் பாடு இல்லை. கடைசியில் சீலியாக் இல்லை என்று வந்தது. பாலை நிறுத்திப் பார்த்தோம், வயிறு அடங்கியது. பாலில் இருக்கிற லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கிற நொதி, வளர்ந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடுகிறது. நம் பக்கத்து ஆட்களிடம் இது சகஜம் என்றார். தயிர், மோர் ஒன்றும் செய்வதில்லை, புளிக்கும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இன்னொன்றும் சொன்னார். கோதுமையால் வயிறு உப்புகிறது என்றாலே குற்றம் குளூட்டன் மேல் என்று ஆகிவிடாது. கோதுமையில் புருக்டான் என்று ஒரு கார்போஹைட்ரேட்டும் இருக்கிறது. வெங்காயம், பூண்டிலும் அது உண்டு. சீலியாக் இல்லாமல், தாங்களாகவே குளூட்டனை விட்டுவிட்ட 59 பேரை வைத்து நார்வேயில் செய்த ஆய்வு ஒன்று 2018ல் வெளிவந்தது. குளூட்டன் சேர்த்த தின்பண்டம், புருக்டான் சேர்த்தது, இரண்டும் இல்லாதது என மூன்றையும், எது எதென்று சொல்லாமல் ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். குளூட்டனை விட வயிற்றைக் கூடுதலாகப் படுத்தியது புருக்டான்தான்.

இந்தக் குளூட்டன் என்ன வஸ்து என்று கேட்டிருந்தாய். உனக்கு அது தெரியும், பெயர்தான் தெரியாது. தீபாவளிக்கு உங்கள் வீட்டில் அல்வா கிண்டுவார்களே, நினைவிருக்கிறதா? சம்பா கோதுமையை ஊறப் போட்டு, ஆட்டுரலில் ஆட்டி, உங்கம்மா துணியில் போட்டுப் பிழிந்து பிழிந்து பால் எடுப்பார்கள். மிஞ்சுகிற சக்கையில் ஒரு பிடி நமக்குக் கிடைக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். எத்தனை தரம் கழுவினாலும் விரலை விட்டுப் போகாமல் சவ்வு மாதிரி ஒட்டிக்கொள்ளும். முற்றத்தில் உட்கார்ந்து அதை வைத்துப் பொம்மை செய்தோமே, அதுதான் குளூட்டன். கோதுமையின் புரதம். தண்ணீரில் கரையாததால் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கும், கொஞ்சம் பாலோடும் இறங்கும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அதுவும் இதன் தயவுதான். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே வகைப் புரதம் இருக்கிறது. அரிசி, உளுந்து, கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி, தினை எதிலும் கிடையாது. இட்லி, ஆப்பம், சொதி, உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல் என்று நாம் சாப்பிட்டு வளர்ந்ததில் பெரும்பாலும் குளூட்டனே இல்லை.

ஆனால் இது விளையாட்டில்லாத வீடும் ஒன்று இருக்கிறது. அக்கா பேத்திக்குச் சீலியாக். இப்போது அவளுக்கு ஏழு வயசு. நாலு வயசில் பார்த்தபோது கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. இரும்புச் சத்து டானிக், பூச்சி மருந்து எதற்கும் தேறவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் இந்த ரத்தச் சோதனையை எழுதிக் கொடுத்தார், அளவு எக்கச்சக்கமாக வந்தது. எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்த்தார்கள். முப்பது வருஷம் கரும்பலகையில் குடலுறிஞ்சிகளை விரல் விரலாக வரைந்து பாடம் நடத்தியவள் நான். அந்தப் பிள்ளைக்கு அவை மழுங்கித் தட்டையாகிக் கிடந்தன என்று கேட்டபோது, நான் வரைந்த படமே கண்ணில் வந்து நின்றது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிற நோய் இது. சத்து உறிஞ்ச இடமில்லாமல் போகிறது, பிறகு டானிக் கொடுத்து என்ன பயன்? மருந்து என்று ஒன்றும் இல்லை, குளூட்டனை ஆயுசுக்கும் தொடாமல் இருப்பதே வைத்தியம்.

இதைக் கோதுமையோடு சேர்த்துக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. அவருக்கு முன்பே சந்தேகம் உண்டு. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்தப் பிள்ளைகள் தேறியதைப் பார்த்து உறுதிப்பட்டது. 1950ல் அதையே ஆய்வேடாக எழுதினார். ஊரே பட்டினி கிடந்தபோது அந்தப் பிள்ளைகள் மட்டும் தேறியிருக்கிறார்கள், அதை நினைத்தால் இன்னும் மனசு என்னவோ செய்கிறது.

அக்கா மருமகள் கோதுமை, மைதா, ரவை, சேமியா, மால்ட் சேர்த்த பான மாவு எல்லாவற்றையும் வீட்டை விட்டே வெளியேற்றினாள். ஒரு வருஷம் ஆகியும் ரத்தத்தில் அளவு இறங்க மாட்டேன் என்றது. வீடே சோர்ந்துவிட்டது. நான் தென்காசி போயிருந்த ஒரு நாள், ரசம் தாளிக்கப் பெருங்காய டப்பாவை எடுத்தேன். என்னவோ தோன்றியது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்து எழுத்தைப் படித்தேன். கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். சுத்தப் பெருங்காயம் காரம் அதிகம் என்பதால் மாவும் கோந்தும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாகத்தான் விற்கிறார்கள். சாம்பாரில், ரசத்தில், மோரில், தோசைப் பொடியில், ஊறுகாயில் என்று மூணு வேளையும் பிள்ளை அதைத்தான் தின்றிருக்கிறாள். மருமகள் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கேழ்வரகு அரைக்கிற மில்லையும் யோசித்தோம். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்த மெஷினில்தானே நம்முடையதையும் கொட்டுகிறார்கள்? இப்போது வீட்டிலேயே மிக்சியில் அரைக்கிறாள், பெருங்காயமும் அரிசி மாவு கலந்ததாகப் பார்த்து வாங்குகிறாள். ஆறே மாதத்தில் அளவு இறங்கியது. இந்த வருஷம் பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்க வேண்டியிருந்தது.

தேரன்று கீழ ரத வீதியில் எல்லோர் கையிலும் அல்வா. இவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, “ஆச்சி, அது கோதுமைப் பாலுதானே?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அக்கா கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். திருநெல்வேலிப் பிள்ளைக்கு அல்வா இல்லை என்பதை என்னால் இன்னும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காரணமே தெரியாமல் குளூட்டனை விடுகிறவர்கள் கூடக் கூட, விசேஷ வீடுகளில் இவளையும் அதே கணக்கில் வைத்து, ஒரு வாய் தின்றால் என்ன என்று ஊட்ட வருகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

இனி உன் விஷயம். நம் ஊர்ப் பக்கம் இந்த நோய் அபூர்வம், நீ இருக்கிற வடக்கே அப்படியில்லை. 2016ல் வெளியான ஆய்வில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கே 100க்கு 1.23 பேர், தெற்கே 0.10 பேர். இதற்கான மரபணு மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. சாப்பாடுதான் வேறு: வடக்கே ஒரு ஆள் தினம் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். நீ பிறந்தது தாமிரபரணிக் கரை, ஆனால் முப்பத்தைந்து வருஷமாக ஃபரிதாபாத்தில் ரெண்டு வேளை ரொட்டி. எந்த வயசிலும் இது தலைகாட்டலாம். தைராய்டு மாத்திரை வேறு சாப்பிடுகிறாய், தைராய்டைத் தாக்குகிற எதிர்ப்புச் சக்திக் கோளாறும் இதுவும் சில பேரிடம் சேர்ந்தே வரும். அதனால்தான் உனக்கு இருக்காது என்று நான் சொல்லவில்லை, சோதித்துப் பார் என்கிறேன்.

என்னைத் தூங்கவிடாதது வேறு ஒன்று. ஹீமோகுளோபின் 9 என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். மாதவிலக்கு நின்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு ரத்தம் குறைந்தால் அது எங்கே போகிறது என்று தேடியே ஆக வேண்டும். சீலியாக்காக இருக்கலாம். வயிற்றுப் புண்ணாக இருக்கலாம். பெருங்குடலில் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். குளூட்டன் இல்லாத மாவைத் தின்று வயிறு கொஞ்சம் லேசானதும் நீ அதை அப்படியே விட்டுவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். இந்த வாரமே போ. நான் சொன்ன சீலியாக் ரத்தச் சோதனைக்கு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்று பெயர். அது, அதோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவு, இரண்டையும் பார்க்கச் சொல். ஐ.ஜி.ஏ. என்பது ரத்தத்தில் இருக்கிற ஒரு வகை எதிர்ப்புப் பொருள். சிலருக்கு ஐ.ஜி.ஏ.வே குறைவாக இருக்கும், அப்போது முதல் சோதனை மட்டும் பார்த்தால் ஏமாற்றிவிடும். கூடுதலாக வந்தால் எண்டோஸ்கோப்பி முடிகிற வரை ரொட்டி சாப்பிடு. ரத்தக் குறைவுக்குப் பெருங்குடலையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் நீயே வாய் திறந்து கேள். இருநூறு உணவுக்கு ஒரே ரத்தத்தில் ஒவ்வாமை பார்க்கிறோம் என்று யாராவது வந்தால் காசைக் கொடுத்துவிடாதே. நீ வழக்கமாகச் சாப்பிடுவதைத்தான் அது காட்டும், எது ஆகாது என்று காட்டாது.

இருக்கிறது என்று வந்தால், உன் மகனும் மகளும் கூடச் சோதித்துக்கொள்ள வேண்டும். உனக்குச் சமையல் சொல்லித் தர நான் இருக்கிறேன், அக்கா மருமகள் என்னை விடக் கெட்டிக்காரி. இல்லை என்று வந்தால் என்னைப் போலப் பாலையும் வெங்காயத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம்.

ஐப்பசியில் வருவதாகச் சொன்னாய், வாய்தா சொல்லாமல் வா ஏளா. உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அந்த மாவுப் பாக்கெட்டைப் பிரிக்காதே. உனக்குத் தேவை இல்லை என்று ஆனால் அக்கா பேத்திக்கு எடுத்து வா. கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு மேல் இருந்தால் குளூட்டன் இல்லாதது என்று போட்டு விற்கக் கூடாது என்பது சட்டம். இருந்தாலும் பின்பக்கத்தை ஒரு தரம் முழுசாகப் படித்துவிட்டு எடுத்து வா.

அண்ணாச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுத் தோழி