நீல ஒளிப்படமும் கிணற்றுத் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் பழைய கைவினைப் புகைப்பட முறைகள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். அவற்றின் கவர்ச்சி பழமைத் தோற்றத்தில்தான் இருக்கிறது என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழமைத் தோற்றம்தான் வேண்டுமென்றால் கைபேசியே தந்துவிடும். ஆளை இழுப்பது, படம் நம் கையில் உருவாகும் வேலை.

1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் கண்டறிந்த சயனோடைப்பை, அதாவது வெயிலில் நீல நிறப் படம் எடுக்கும் முறையை, எடுத்துக்கொள்ளுங்கள். அமோனியம் பெரிக் சிற்றேற்று, பொற்றாசியம் பெரிசயனைட்டு இரண்டையும் கரைத்துக் கலந்து, வெயில் படாத இடத்தில் தாளில் பூசிக் காயவிட வேண்டும். எங்கள் சித்திர வகுப்புப் பிள்ளைகள் அதன்மேல் முருங்கை இலைக் கொத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி முற்றத்தில் வைத்தார்கள். மஞ்சட்பச்சைத் தாள் நீலமாகி, பிறகு சாம்பல் பூத்தது. "பழுதாய்ப் போய்விட்டது, சேர்" என்றாள் ஒருத்தி. வாளித் தண்ணீரில் அலசியதும் மஞ்சள் கரைந்தோட, நீலத்தின் நடுவே ஒவ்வொரு சிற்றிலையும் காம்போடு வெள்ளையாகத் தெளிந்தது. இருட்டறை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். வன்னியில் வெயிலுக்கு என்ன பஞ்சம்?

கட்டுரையாளர் புகழ்ந்திருக்கும் ஈரக் கொலோடியன் முறையை, அதாவது கொலோடியன் என்ற பசைக் கரைசல் பூசிய கண்ணாடித் தட்டில் படமெடுப்பதை, பாடசாலைப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். அந்தக் கரைசலில் உள்ள ஈதர் தீப்பற்றும், படத்தை நிலைப்படுத்தப் பலர் பயன்படுத்திய பொற்றாசியம் சயனைட்டு கொடிய நஞ்சு. கண்ணாடித் தட்டு காய்வதற்குள் எல்லாவற்றையும் முடிக்கவும் வேண்டும். நம் வெக்கையில் அது இன்னும் பெரிய தலைவலி. அந்த முறையில் பெயர்பெற்ற பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்த பின் குறைவாகவே படமெடுத்தார். இரசாயனங்களும் நல்ல தண்ணீரும் கிடைக்காததை ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

தண்ணீர் விடயம் நமக்கும் உண்டு. காரத்தன்மை சயனோடைப்பின் நீலத்தை வெளிறச் செய்யும். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கேத்தலில் வெள்ளை படியும் அளவுக்குச் சுண்ணாம்பு. முதல் அலசலுக்குச் சில துளி தேசிக்காய்ச் சாறு சேர்க்கலாம். மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது. இதைக் கட்டுரை சொல்லவே இல்லை.

இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த வீடுகள் இங்கு ஏராளம். சிலரிடம் எஞ்சியது அடையாள அட்டைப் படம் மட்டுமே. அதைப் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையை மாற்றி, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டால் நெகட்டிவ் தயார். இலைக்குப் பதிலாக அதைப் பூசிய தாளின்மேல் வைத்தால் போதும். ஸ்ரூடியோக்காரர் கோட்டும் டையும் ஒட்டித் தரும் பெரிய படத்தில் அப்பப்பாவை அவருடைய பேரப்பிள்ளைகளுக்கே மட்டுப்பிடிக்க முடிவதில்லை. தாங்களே கழுவியெடுத்த நீல முகம் அப்படியல்ல. நேர் வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டக்கூடாது. மங்கினால் சில நாள் இருட்டில் வைக்க, நிறம் ஓரளவு திரும்பும்.

அடுத்த கட்டுரையில் செய்முறையை அளவுகளோடு, தண்ணீர் பற்றிய குறிப்பையும் சேர்த்து, வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சித்திர பாட ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.